குடல் உருவுகிறவள்

கோழியின் பின்பக்கத்தில் கத்திமுனையை இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டி, அந்த வழியாகக் கையை விட்டு, நெஞ்சுக்கூட்டின் அடிவரை போய், எல்லாவற்றையும் ஒரே பிடியில் சேர்த்து வெளியே இழுக்க வேண்டும். தயங்கினால் குடல் அறுந்து உள்ளே இருப்பதெல்லாம் கறியில் கொட்டிவிடும். அவசரப்பட்டால் ஈரலோடு ஒட்டியிருக்கும் பித்தப்பை உடைந்துவிடும். உடைந்தால் அந்தப் பச்சை நீர் பட்ட இடமெல்லாம் கசப்பு. ஏழு வருஷத்தில் அவள் கையில் பித்தப்பை உடைந்தது நாலே தடவை. ஞாயிற்றுக்கிழமைகளில் முந்நூறு கோழி வரை உருவுகிறவளுக்கு அது பெரிய விஷயம்.

கடையின் முன்பக்கம் நின்று வெட்டி, எடை போட்டுக் கொடுப்பவர் கத்திக்காரர். பின்பக்கம் வெந்நீர் டிரம், இறகு பிடுங்குகிற மெஷின், குடல் வாளி, அப்புறம் அவள். கத்திக்காரர் அவளுக்கு ஊமைச்சி என்று பேர் வைத்திருந்தார். யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். வாயைத் திறந்தால் அந்த வாடை உள்ளே போய்விடும் என்று முதல் வருஷம் மூடியது, அப்படியே பழகிவிட்டது. வீட்டுக்குப் போய் எலுமிச்சம்பழத் தோல், சோப்பு, சாம்பல் என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் அது இருக்கும். சோற்றைப் பிசையும்போது மேலே எழும்பி வரும்.

ஆனால் வீட்டு அடுக்களையில் அவள் வேறு ஆள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூட்டிக்கொண்டு வருவாள். “உயிரோட இருக்கறது வேணாம்ப்பா, பாவம். ஏற்கெனவே செத்ததுல நல்லதா ஒண்ணு கொடு” என்று கேட்ட அம்மாள் வருவாள். மூக்கைப் பொத்திக்கொண்டே கால் மணி நேரம் கோழி பொறுக்குகிறவர் வருவார். குரல், கழுத்துச் சாய்ப்பு, பையைப் பிடிக்கிற விதம் எல்லாம் அப்படியே இருக்கும். புருஷன் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டுச் சிரிப்பான். கீழ்வீட்டில் இஸ்திரி போடுகிற நாத்தனார் மாடிப்படியில் நின்று சிரிப்பாள்.

புருஷனுக்கு ஊரில் பலகுரல் என்று பேர். பகலில் வேனில் மைக்கைக் கட்டிக்கொண்டு துணிக்கடைத் தள்ளுபடியை அறிவித்துக்கொண்டு போவான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவோடு மண்டபங்களுக்குப் போய், இரண்டு பாட்டுக்கு நடுவே பதினைந்து நிமிஷம் சிரிக்கவைப்பான். அவனுக்குக் குரல் இருந்தது, சொல்ல விஷயம் இல்லை. விஷயம் அடுக்களையிலிருந்து போயிற்று. அவன் அதை எடுத்துக்கொண்டான் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. குழம்பை ஊற்றினால் சாப்பிடுகிறான், அதுபோல இதுவும் என்று இருந்தாள். ஞாயிறு கடையில் நிமிர நேரமில்லாததால் அவன் மேடையை அவள் பார்த்ததும் இல்லை.

அவளுக்கும் ஒரு தடவை மைக் கிடைத்திருக்கிறது. கடைக்கு இரண்டாவது கிளை திறந்தபோது முதலாளி அதை அவள் கையில் திணித்து, “ரெண்டு வார்த்தை பேசும்மா” என்றார். “எல்லாருக்கும்” என்று ஆரம்பித்தாள். ஒலிபெருக்கியிலிருந்து திரும்பி வந்த குரலைக் கேட்டதும் அவளுக்குக் குமட்டியது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிய கோழியின் குரல் அது. மைக்கைக் கீழே போட்டுவிட்டுப் பின்பக்கம் போய் வாளிகளைக் கழுவ ஆரம்பித்தாள். அன்றிலிருந்து நாலு பேர் கூடிய இடத்தில் பேச நினைத்தாலே அந்தக் குரல் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த மழைக்காலத்தில் கோழிகளுக்கு நோய் வந்தது. கடைகளையெல்லாம் மூடச் சொல்லிவிட்டார்கள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடைத்தது.

“பஸ் டிப்போக்காரங்க குடும்ப விழாவாம், உன் புருஷன் நிகழ்ச்சி இருக்கு. வா, பார்த்துட்டு வரலாம்” என்றாள் நாத்தனார்.

“நான் வந்தா அவருக்குக் கூச்சமா இருக்கும்னு சொல்வாரே, அண்ணி.”

“அவனுக்கா கூச்சம்? சொல்லாம போய்ப் பின்னாடி உட்காருவோம்.”

மண்டபத்தில் ஈரக் குடைகளும் ஈரச் செருப்புகளும் நாறின. மூன்றாவது பாட்டு முடிந்ததும் அவன் வந்தான். உடம்பில் ஒரு நைட்டி. அவளுடைய நைட்டிதான், கொடியில் காணாமல்போனது. பின்புறம் தலையணையைத் திணித்திருந்தான். தலையில் கோழி இறகு. ஒரு காலைச் சற்று அகற்றி வைத்து நடந்தான். நாள் முழுக்க ஈரத்தில் நின்று அவளுக்கு வந்த நடை அது. மண்டபம் அதற்கே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

யார் நடை அது என்று புரிய அவளுக்கு இரண்டு விநாடி ஆயிற்று. அதற்குள் சிரித்துவிட்டிருந்தாள்.

அவள் சொன்ன கதைகள்தான் எல்லாம். ஆனால் தலைகீழாக இருந்தன. செத்த கோழியில் நல்லதாகக் கேட்ட அம்மாளைக் காணோம், செத்த கோழியை விற்கப் பார்த்து மாட்டிக்கொள்கிற கோழிக்கடைக்காரிதான் இருந்தாள். மூக்கைப் பொத்துகிறவர் புத்திசாலி, இவள்தான் மக்கு. அவன் மேடையை விட்டு இறங்கி முன்வரிசைக்காரர்களின் மூக்கில் விரலை வைத்து “மோந்து பாருங்க, சென்ட்டு!” என்றான். பெண்கள் கத்திக்கொண்டே முகத்தைத் திருப்பினார்கள். கடைசியில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக் கட்டிலாக்கினான். பொண்டாட்டி கை மேலே படும்போது புருஷன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, குறட்டை விடுவதுபோல நடிப்பதைச் செய்துகாட்டினான்.

அது அவள் சொன்ன கதை இல்லை. தூக்கம்தான் என்று ஏழு வருஷமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தது.

ஒருவர் சிரித்துச் சிரித்து இருமி, வாயிலிருந்த பிஸ்கட்டை மடியில் துப்பினார். பக்கத்தில் நாத்தனாரும் குலுங்கிக்கொண்டிருந்தாள். இவள் பக்கம் திரும்பியதும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தோள் நிற்கவில்லை.

சாயங்காலம் அவன் நனைந்துகொண்டே உற்சாகமாக வந்தான். நாத்தனார் ரொட்டியும் முட்டைப் பொரியலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“வந்திருந்தியாமே? எங்க கச்சேரிக் கீபோர்டுக்காரர் சொன்னார். எப்படி இருந்துச்சு?”

அவள் மூலையில் சுருட்டிப் போட்டிருந்த நைட்டியைக் காட்டினாள். “அதை இனிமே நான் போட மாட்டேன்.”

“ஏன், புதுசு வாங்கித் தரேன்.”

“நைட்டியைப் பத்தியாங்க நான் பேசறேன்?”

“இங்க பாரு. அது நீ இல்ல. ஒரு கேரக்டர். எத்தனை கோழிக்கடை இருக்கு உலகத்துல, எத்தனை பேரு குடல் உருவுறாங்க!”

“எல்லாரும் இடது காலை அகட்டியா நடக்கறாங்க?”

அவன் ரொட்டியைக் கிள்ளினான். “கதை நீ சொன்னதுதானே? அப்போ சிரிச்சே இல்ல?”

“நான் சொன்னதுல அந்த அம்மாதான் கேனை. உங்க கதையில நான் கேனை.”

“அதான் தொழிலு! கோழி வாங்க வர்றவங்கதான் உட்கார்ந்து பார்க்கறாங்க. அவங்களையே கேனைன்னா எவன் கைதட்டுவான்?”

“கட்டில் கதையும் நான் சொன்னதா?”

அவன் ரொட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நாத்தனார்தான் சொன்னாள். “தம்பி, எனக்கு அதைப் பார்த்து அருவருப்பாத்தான் இருந்துச்சு. சிரிச்சேன், இல்லேங்கல. சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்து வாயைக் கொப்புளிச்சேன்.”

“நீ சும்மா இரு அக்கா.” அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. பொண்டாட்டி பக்கம் திரும்பினான். “அவ்வளவு ரோஷம் இருந்தா நீயே போய் மேடையில நின்னு உன் கதையை உன் மாதிரி சொல்லேன், பார்க்கலாம். ‘எல்லாருக்கும்’னு ஒத்த வார்த்தையில மைக்கைப் போட்டுட்டு ஓடினவதானே நீ!”

அவன் சொன்னது உண்மை. அதைவிட, அந்தக் கோழிக்குரலையும் அவன் அச்சாகச் செய்துகாட்டினான். எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவன்மேல் இருந்த வெறுப்பு தன்மேலேயே திரும்பியது. வாய் இருந்தும் அடுக்களைக்குள் மட்டும் பேசுகிறவளை யார்தான் எடுத்து உடுத்திக்கொள்ள மாட்டார்கள்?

புதன்கிழமை நகராட்சியிலிருந்து ஆள் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் மூவாயிரம் கோழியை அழிக்க வேண்டும், கோழி பிடிக்கத் தெரிந்த கை வேண்டும் என்றார்கள். கத்திக்காரரும் அவளும் போனார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் உடுப்பு, முகமூடி, முழங்கை வரை கையுறை. கொட்டகைக்குள் பாதிக் கோழிகள் ஏற்கெனவே செத்துக் கிடந்தன. எச்சத்தில் மழைநீர் இறங்கிக் கணுக்கால் வரை கூழாக இருந்தது. செத்ததைத் தூக்கினால் கால் கையோடு வந்தது, உடம்பு கீழேயே இருந்தது. உயிரோடு இருந்தவை இருமின. கோழி மனுஷனைப்போல இருமும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பிடித்து, முறித்து, சாக்கில் போட்டு, சுண்ணாம்புக் குழிக்கு அனுப்பினார்கள். குழியில் தண்ணீர் நிரம்பிச் சாக்குகள் மிதந்தன. அவற்றைக் கம்பால் அமுக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கணக்கெடுக்க வந்த சுகாதார அதிகாரி வாசலிலேயே நின்றிருந்தார். கால் மணி நேரம் தாங்கினார். பிறகு முகமூடிக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டார். பண்ணைக்குள் எங்கேயும் முகமூடியைக் கழற்றக் கூடாது என்பது காலையில் அவரே படித்துக்காட்டிய விதி. இரண்டு கன்னமும் உப்பிப்போய் அவளைப் பார்த்து, இப்போது என்ன செய்வது என்று கையால் கேட்டார். அவளுக்கு ஒரு பதில் வந்தது. பல்லைக் கடித்து உள்ளேயே வைத்துக்கொண்டாள். அந்த நரகத்தின் நடுவில் அவள் தோள் மட்டும் குலுங்கியது. கத்திக்காரர், அழுகிறாள் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்தாள். சோறு இறங்கவில்லை. வெறும் டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது புருஷன் வந்து எதிரில் உட்கார்ந்தான்.

“ரொம்பக் கஷ்டமா?”

“ம்.”

“நிறைய பேர் வந்திருந்தாங்களா? அதிகாரிங்கல்லாம்?” நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். “ஏதாவது நடந்துச்சா? சொல்லேன். ஏதாவது தேறுமா?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். குடல் வாளியைச் சுற்றி நாள் முழுக்க நிற்கிற நாய்கள் அந்த மாதிரித்தான் பார்க்கும்.

“ஒண்ணும் நடக்கல.”

“மூவாயிரம் கோழிக்கு நடுவுல ஒண்ணுமே நடக்கலையா?”

“இல்லீங்க.”

மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாள் நல்ல ஆப்பிளாக நாலு வாங்கிவந்து கேட்டான். அவள் அடுக்களையில் வாயைத் திறக்கவே இல்லை. வெங்காயம் நறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகராட்சி ஊழியர் விழா. “டிப்போவுல பார்த்தவங்க பாதிப் பேரு இங்கேயும் வராங்க. பழசு ஓடாது, புதுசா கொண்டு வா” என்று கீபோர்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தக் குழுவே அவருடையது. காலையிலேயே பலகுரலுக்கு முகம் வெளுத்துவிட்டது. “கூட வா. வழியிலயாவது ஏதாவது சொல்லு” என்று பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போனான். வழி முழுக்க அவள் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மேடைக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் அடுக்கிய ஓர் அறை. அவன் நைட்டியை மாட்டிக்கொண்டு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தான். ரோஸ் பவுடர் பூசிய கன்னத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கியது.

“எனக்குச் சொந்தமா ஒண்ணும் வராதுடி. உனக்கே தெரியும். குரலு மட்டும்தான் என்னுது. இன்னிக்குக் கவுந்தா கீபோர்டுக்காரர் வேற ஆளைப் பார்த்துருவார். ஒண்ணே ஒண்ணு சொல்லு.”

இவனும் பயப்படுவானா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. ஆனால் அவன் நெஞ்சில் அவளுடைய நைட்டியின் தையல் விட்ட இடம் தெரிந்தது. அவளே ஊசியெடுத்துத் தைத்த இடம். பாவம் நின்றுபோயிற்று.

“சொல்றேன். உங்ககிட்ட இல்ல.”

“பின்னே?”

“அவங்ககிட்ட.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. பக்கத்துக் கழிப்பறைக்கு ஓடினாள். அடைத்துக்கொண்டு தளும்பிய கோப்பையைப் பார்த்ததும் தானாகவே வந்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்து முடித்து, குழாயில் வாயைக் கழுவி, திரும்பி வந்தபோது பாட்டு முடிகிற நேரம். கீபோர்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“பலகுரல், கிளம்பு.”

“நான் போறேன்.”

“அக்கா, இது விளையாடற இடமில்ல.”

“ரெண்டு நிமிஷம். தேறலேன்னா பாட்டை ஆரம்பிச்சுருங்க.”

அவர் புருஷனைப் பார்த்தார். புருஷன் வாளியை விட்டு எழவில்லை. அவளைத் தடுக்கவும் இல்லை.

மேடை அவள் நினைத்ததைவிடச் சின்னது. எதிரில் நானூறு முகம். மைக்குக்கு முன்னால் நின்று ஒரு முழு நிமிஷம் எதுவும் வரவில்லை. கோழி அழிக்க வந்ததற்காக நகராட்சி கூப்பிட்டிருந்த கத்திக்காரரின் குரல் பின்னாலிருந்து, “அட, நம்ம ஊமைச்சி!” என்றது. அதற்கு ஒரு சிரிப்பு.

“எல்லாருக்கும்” என்றாள். அதே குரல். தலைகீழாகத் தொங்குகிற கோழி. மண்டபம் முழுக்க அது போய் முட்டித் திரும்பி வந்தது. குமட்டலும் வந்தது. ஆனால் வயிற்றில்தான் எதுவும் பாக்கியில்லை.

“எல்லாருக்கும் இந்தக் குரல் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. வேற இல்ல, என்ன செய்ய?”

யாரும் சிரிக்கவில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். மூக்கைப் பொத்துகிறவரைக் கொண்டுவந்தாள். இரண்டு பேர் சிரித்தார்கள். பொத்திய மூக்கோடு அவர் பேசுகிற பேச்சை, அடுக்களையில் செய்வதுபோலவே கழுத்தைச் சாய்த்துச் செய்தாள். ஒரு வரிசை சிரித்தது. செத்ததில் நல்லதாகக் கேட்ட அம்மாளைக் கொண்டுவந்தபோது ஒரு பெண் பக்கத்திலிருந்தவளை இடித்து, “நீதாண்டி அது” என்றது மேடைக்கே கேட்டது.

பிறகு கொட்டகையைச் சொன்னாள். கால் கையோடு வந்ததை, கோழி இருமியதை, மிதந்த சாக்கை. மண்டபம் அமைதியானது. அவள் பயப்படவில்லை, தொடர்ந்தாள். சுகாதார அதிகாரி இரண்டாவது வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

“முகமூடிக்குள்ள எல்லாம் வந்துருச்சு. கழட்டக் கூடாது, ரூலு. என்ன செய்யறதுன்னு கையால கேட்டார். அன்னிக்கு நான் பதில் சொல்லலீங்க சார். இப்போ சொல்றேன். உள்ளேர்ந்துதானே வந்துச்சு, தெரிஞ்ச வழிதானே, அப்படியே திருப்பி அனுப்பிருங்க!”

கூரை அதிர்ந்தது. அன்றைக்குச் சாக்கு அமுக்கினவர்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். அதிகாரி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். அவர் மனைவி அவரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்த பிறகு அவருக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று.

அங்கேயே இறங்கியிருக்கலாம். ஆனால் ருசி கண்ட நாக்கு. திரைக்குப் பக்கத்தில் நைட்டியோடு நின்றிருந்த புருஷன் கண்ணில் பட்டான்.

“எங்க வீட்டுக்காரர் சுவத்தைப் பார்த்துப் படுப்பார்னு டிப்போவுல பார்த்தீங்கல்ல? என் கை நாத்தம்னு சொன்னார். அது பொய்ங்க. எதையும் எடை போடாம நான் கையில வாங்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும். எடை போட்டா ஒரு ஈரல் அளவுகூடத் தேறாது!”

இதுவரை வந்த சிரிப்பெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. விசில், மேசையில் தட்டல். பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டார்கள். அந்தச் சத்தம் நாக்கிலிருந்து அடிவயிறு வரை இனித்தது. இப்படி ஒரு இனிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் யார்தான் எதைத்தான் விற்க மாட்டார்கள்? அப்படித் தோன்றியதும் அவளுக்கு உடம்பு கூசியது. திரைப்பக்கம் பார்த்தாள். அவனைக் காணவில்லை.

பின்னறையில் அவன் நைட்டியைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு, கன்னத்தை ஒரு துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். பவுடர் போன பிறகும் துடைத்தான்.

“நல்லா சொன்ன. அந்த மூக்குக்காரன், அதிகாரி. எனக்கு வராது அப்படி.”

“ம்.”

“கடைசியா சொன்னது...”

“கேவலமா இருந்துச்சு” என்றாள். “எனக்கே. நீங்க செஞ்சதும் இதேதான். இவ்வளவு இனிப்பா இருக்கும்னு எனக்குத் தெரியாது.”

அவன் துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “வீட்டுக்குப் போனா அக்கா கேட்பா. என்ன சொல்றது?”

“நடந்ததைச் சொல்லுவோம். மறுபடியும் வாயைக் கொப்புளிக்கட்டும்.”

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. அவன் மேல் இருந்த அருவருப்பு போய்விட்டது என்று சொல்ல முடியாது. இப்போது அதில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது, அவ்வளவுதான்.

கீபோர்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல்.

“அக்கா! எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க இத்தனை நாளா? வர்ற ஞாயிறு மில்லுக்காரங்க விழா. வந்துருங்க. ஆனா ஒண்ணு, அந்தக் கடைசி ஈரல் சமாச்சாரம் கட்டாயம் வேணும். ரெண்டு பேரும் சேர்ந்தே செய்யுங்க. அண்ணன் நைட்டியில, நீங்க தராசோட. மண்டபம் தாங்காது.”

புருஷன் தலை நிமிர்ந்தான். அவன் கண்ணில் மறுபடி அந்தப் பார்வை வந்துவிட்டது. தலையாட்டக்கூட ஆரம்பித்துவிட்டான்.

“அது கிடையாது” என்றாள் அவள்.

“அதுக்குத்தானே அக்கா அவ்வளவு சிரிப்பு.”

“அந்தச் சிரிப்பை நானும் கேட்டேன். அது இல்லாம வேணும்னா வரேன். அவரு வேணும்னா அவரோட கதையோட வரட்டும். என்னுதும் வேணாம், எங்க வீட்டுதும் வேணாம்.”

“அது இல்லாம மில்லுக்காரங்க சிரிக்கலேன்னா?”

“சிரிக்கலேன்னா சொல்ல வந்ததைச் சொல்லிட்டு இறங்கி வருவேன். இன்னிக்கு ஆரம்பத்துல ஒருத்தர்கூடச் சிரிக்கல. நான் என்ன, செத்தா போயிட்டேன்?”

கீபோர்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே அடுத்த பாட்டுக்கு டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. “யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“அவர் வேற ஆளைப் பார்த்துருவார்” என்றான் புருஷன்.

“பார்க்கட்டும். ஊர்ல வேற மேடையே இல்லையா?”

சொல்லிவிட்டு அவள் மண்டபத்துப் பக்கம் நடந்தாள். பாட்டைக் கேட்க வேண்டும்போல இருந்தது. பின்வரிசையில் கத்திக்காரர் தன் பக்கத்து நாற்காலியிலிருந்து ஈரக் குடையை எடுத்துக் கீழே வைத்தார். அவள் போய் உட்கார்ந்தாள்.